அந்த இரண்டு வாரத்தைக் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பேரப்பிள்ளைகள் இருக்கும் உங்கள் வாசகர்களுக்காக இதை எழுதுகிறோம். ‘பள்ளிக்கூடம் ஆகஸ்டு நடுவில்தானே திறக்கிறது, ஜூலை இருபதுக்கே ஏன் மூட்டை கட்டுகிறீர்கள்?’ என்று கோடைதோறும் மகனிடமோ மருமகளிடமோ கோபித்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகள் நிறையப் பேர். ‘பேண்டு கேம்ப் இருக்கிறது’ என்பது அவர்களுக்கு ஒரு பதிலாகவே படுவதில்லை. வீட்டில் வரும் விசேஷத்துக்குக்கூட நிற்காமல் டிரம் அடிக்கப் போக வேண்டுமா என்று கேட்கிறார்கள். அப்புறம் ஆகஸ்டில் பேத்தி வாட்ஸ்அப்பில் வந்து நின்றால், ‘இப்படிக் கறுத்துப் போயிட்டியேம்மா’ என்று அதற்கும் வருத்தம். இரண்டு வருத்தத்துக்கும் காரணம் ஒன்றுதான்: பள்ளி திறக்கும் முன் இரண்டு வாரம் வெயிலில் நடக்கும் அந்த பேண்டு ஒத்திகை முகாம். அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

நாங்கள் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளி பேண்டுகளுக்குத் தொண்டு செய்யும் பெற்றோர். எழுதுவதெல்லாம் இங்குள்ள நடைமுறை. வேறு மாநிலங்களில் தேதியும் விதியும் கொஞ்சம் மாறும்.

நம் ஊரில் பேண்டு என்றால் கல்யாண ஊர்வலம் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் சுதந்திர தினத்தன்று கொடிக்கம்பத்துக்கு முன்னால் நேர்க்கோட்டில் நடந்து வரும் மாணவர் அணி. இங்கே மார்ச்சிங் பேண்டு என்பது அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் இடைவேளையில், அந்த மைதானத்திலேயே, ஏழெட்டு நிமிடம் வாசித்துக்கொண்டே நடந்து உருவங்கள் அமைக்கும் நிகழ்ச்சி. இலினாய், பர்டியூ பல்கலைக்கழகங்களின் பேண்டுகள் 1907-இல் தொடங்கிவைத்த வழக்கம் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் இறங்கி வந்தது. பெரிய டெக்சாஸ் பள்ளி ஒன்றில் இருநூறு பிள்ளைகள் இருப்பது சாதாரணம். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், மெல்லோஃபோன், டிராம்போன், பாரிடோன், சூசபோன் என்று ஊதுபவர்கள். தோளில் மாட்டிய டிரம்களோடு ஒரு வரிசை. நடக்காமல் மைதானத்தின் முன் ஓரத்தில் மரிம்பா, வைப்ரஃபோன் என்று குச்சியால் தட்டி வாசிக்கும் பெரிய வாத்தியங்களை வைத்து நிற்கும் ‘பிட்’. கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றி ஆடும் கலர் கார்டு. எல்லோருக்கும் முன்னால் மேடையேறித் தாளம் காட்டும் டிரம் மேஜர். டிரம் மேஜரும் மாணவர்தான். ஆசிரியர்கள் அன்றைக்குக் கூட்டத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இனி அந்த இரண்டு வாரம்.

மைதானம் 100 கஜ நீளம். ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக்கோடு. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எட்டே அடியில் போக வேண்டும். ஓர் அடி சரியாக 22.5 அங்குலம். குள்ளமான பெண்ணுக்கும் ஆறடிப் பையனுக்கும் அதே 22.5. முதல் இரண்டு மூன்று நாள் இதைத் தவிர வேறொன்றும் நடக்காது. பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் மைதானக் கோடுகளை அப்படியே பெயிண்டில் வரைந்து வைத்திருப்பார்கள். அந்தத் தார்த் தரையில், ஒலிபெருக்கியில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவி டக் டக்கென்று அடிக்க, எட்டு அடி முன்னால், எட்டு அடி பின்னால், எட்டு அடி பக்கவாட்டில்.

நடப்பதில் என்ன கற்றுக்கொள்ள இருக்கிறது என்று தோன்றும். முன்னால் போகும்போது பாதத்தின் விரல் பக்கம் நன்றாக மேலே தூக்கியிருக்க, குதிகால் முதலில் பட்டு, அங்கிருந்து விரல்வரை பாதம் உருண்டு இறங்க வேண்டும். காலைத் தொப்பென்று வைத்தால் அந்த அதிர்ச்சி முதுகெலும்பு வழியாக உதட்டுக்கு ஏறி, ஊதும் சுரம் ஒவ்வோர் அடிக்கும் விக்கும். புதுப் பிள்ளைகளின் வாசிப்பு விக்கி விக்கிக் கேட்பது பெரும்பாலும் இதனால்தான்; வாய்க் கோளாறு இல்லை, கால் கோளாறு. பின்னால் போகும்போது இதற்கு நேர்மாறு: குதிகால் தரையில் படவே கூடாது, முன்பாதத்தில் மட்டும் நடக்க வேண்டும். முதல் வாரம் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது அதனால். பக்கவாட்டில் போகும்போது கால் போகும் திசை ஒன்று, இடுப்புக்கு மேலே திரும்பி நிற்கும் திசை வேறு. வாத்தியத்தின் வாய் எப்போதும் பார்வையாளரைப் பார்த்தே இருக்க வேண்டும். இத்தனையையும் செய்துகொண்டு மனப்பாடமாக வாசிக்க வேண்டும். கையில் இசைக்குறிப்புத் தாள் இருக்காது.

அடுத்தது ‘டாட்’. ஒவ்வொரு பிள்ளைக்கும் நிகழ்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் நிற்க ஓர் இடம் உண்டு. அந்த இடத்தின் பெயர்தான் டாட். கட்டத்துக்கு ‘செட்’ என்று பெயர். பெரிய பள்ளியின் நிகழ்ச்சியில் அறுபது எழுபது செட் வரும். கணினி மென்பொருளில் வரைந்து, பிள்ளைக்கு ஒரு சீட்டாகவோ போன் செயலியாகவோ கொடுத்துவிடுவார்கள். அதில் இப்படி இருக்கும்: ‘செட் 14. சைடு 1. 35-க்கு வெளியே 3. முன் ஹேஷுக்குப் பின்னால் 6.’ அதாவது பார்வையாளருக்கு இடப்பக்கப் பாதியில், 35 கஜக் கோட்டிலிருந்து ஓரத்தை நோக்கி மூன்று அடி தள்ளி, மைதானத்தை நீளவாக்கில் மூன்றாகப் பிரிக்கும் அடையாளக் கோடுகளில் முதலாவதைத் தாண்டி ஆறு அடி பின்னால். வீட்டு விலாசம் போலத்தான், ஆனால் பத்து விநாடிக்கு ஒருமுறை வீடு மாறும்.

செட் கற்கிற விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பொறுமை என்ற சொல்லுக்குப் பொருள் தெரியும். டைரக்டர், அதாவது பேண்டு ஆசிரியர், மைக்கில் ‘செட் 14’ என்கிறார். இருநூறு பேரும் சீட்டைப் பார்த்து, அடி அளந்து, தங்கள் இடத்தைக் கண்டுபிடித்து, இடுப்புப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வில்லையை எடுத்துத் தரையில் வைக்கிறார்கள். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய், எண்ணிக்கையோடு நடந்து வந்து, கடைசி எண்ணில் உறைந்து நிற்கிறார்கள். தலையைக் குனிந்து பார்க்கக் கூடாது. ‘செக்’ என்ற பிறகுதான் பார்வை இறங்கும். வில்லை பாதத்துக்கு அடியில் இருந்தால் சரி. ஒரு ஜாண் முன்னால் கிடந்தால் அடி குட்டையாகப் போட்டிருக்கிறாள் என்று அர்த்தம். 10 கஜத்தை 16 எண்ணிக்கையில் கடந்தால் அடிக்கு 22.5 அங்குலம், அதே தூரத்துக்கு 12 எண்ணிக்கைதான் என்றால் 30 அங்குலம். இந்தக் கணக்கைப் போடாமல் முதலில் சிற்றடியாக நடந்துவிட்டுக் கடைசி இரண்டு எண்ணில் தாவிப் பிடிப்பவர்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பல குழுக்களில் இன்னொரு வழக்கமும் உண்டு: தவறியவர் யார் என்று டைரக்டர் தேடமாட்டார், தவறியவரே கையைத் தூக்க வேண்டும். முதல் நாள் ஒரு கை எழாது. இரண்டாம் வாரத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் தயங்காமல் கை தூக்குவதைப் பார்த்து ஒன்பதாம் வகுப்புக் குழந்தைகளும் தூக்கத் தொடங்கும். பிறகு ‘ஒன் மோர் டைம்’. இன்னும் ஒரே ஒரு தடவை என்று டைரக்டர் சொன்னால் இன்னும் நாலு தடவை என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இது எல்லாப் பள்ளியிலும் ஓடும் பழைய நகைச்சுவை.

இப்படி ஒரு நாளைக்குச் சில செட்கள்தான் நகரும். பள்ளி திறந்துவிட்டால் இந்த வேகமும் கிடைக்காது. டெக்சாஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பின் விதிப்படி, வகுப்புகள் தொடங்கியபின் பள்ளி நேரத்துக்கு வெளியே வாரம் 8 மணி நேரத்துக்குமேல் ஒத்திகை வைக்கக் கூடாது. நல்ல விதிதான், படிப்பைக் காப்பாற்றுகிறது. ஆனால் கேம்ப்பில் இரண்டு வாரம் தவறவிட்ட பிள்ளை அதைப் பிறகு ஈடுகட்ட வழியில்லாமல் செய்வதும் அதுதான். ஆகஸ்டு 15-க்கு டாலஸ் வந்து இறங்கும் பிள்ளைக்கு நடை தெரியாது, டாட் தெரியாது, அதைவிட, பக்கத்தில் நிற்பவர்களின் பெயர் தெரியாது.

அவள் ஒருத்தி இல்லாவிட்டால் என்ன கெட்டுப் போகும்? பன்னிரண்டு கிளாரினெட் மூன்றுக்கு நாலாக ஒரு கட்டமாக நிற்கிறது என்று வையுங்கள். ஒருத்தி இல்லை. மேலேயிருந்து பார்ப்பவருக்குப் பதினோரு பேர் தெரியமாட்டார்கள். பல் விழுந்த இடம்தான் தெரியும். அதோடு போகாது. வளைவான வரிசையில் ஒவ்வொருவரும் இரு பக்கத்தாரையும் ஓரக்கண்ணால் பார்த்து இடைவெளி சரிசெய்கிறார்கள். நடுவில் காலியிடம் இருந்தால் அந்தப் பக்கத்துப் பெண் எதைப் பார்த்து நடப்பாள்? கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆள் உண்டு. இங்கே பெரும்பாலும் கிடையாது. மிகப் பெரிய பேண்டுகளில் ‘ஆல்டர்னேட்’ என்று சிலர் ஓரத்தில் நின்று மற்றவர் டாட்டையும் கற்றுக்கொள்வார்கள். மற்ற இடங்களில் வந்த தலை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், போன தலைக்கு ஓர் ஓட்டை.

எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோரிடம் சொல்லவேண்டியதும் இதை ஒட்டித்தான். பதினொன்றாம் வகுப்பு வந்ததும் பிள்ளையை பேண்டிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். காரணம் சோம்பலோ அலட்சியமோ இல்லை, ரேங்க். டெக்சாஸில் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் என்று 1997-இல் சட்டம் வந்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் அந்த வரம்பை 6 சதவீதமாகக் குறைத்து, 2026 சேர்க்கைக்கு 5 ஆக்கிவிட்டது. கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏ.பி. பாடங்களுக்கு ஜி.பி.ஏ. என்ற மதிப்பெண் சராசரியில் கூடுதல் மதிப்பு. பல பள்ளி மாவட்டங்களில் (ஒரு வட்டாரத்துப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) பேண்டுக்கு அது கிடையாது. ஆகவே பேண்டில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் சராசரி இறங்கும். இந்தக் கணக்கு உண்மை, இதைப் போடும் பெற்றோரைக் குறை சொல்லமாட்டோம். கணக்கில் தப்பில்லை, அப்படிக் கணக்குப் போட வைக்கும் விதிதான் தப்பு. மாற்ற வேண்டியது அதைத்தான். சில மாவட்டங்களில் மேல்வகுப்பு மாணவருக்கு பேண்டையும் கூடுதல் மதிப்புள்ள ஹானர்ஸ் பாடமாக எடுக்க வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று பள்ளி ஆலோசகரிடம் கேளுங்கள். இலையுதிர்ப் பருவ மார்ச்சிங் பேண்டு உடற்கல்விப் பாடத்துக்கு ஈடாகக் கணக்காகும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அதனால் ஒரு பாட வேளை மிச்சமாகிறது.

எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் வசந்த காலத்திலேயே சொல்லிவிடுங்கள். செட்களின் நடைப்படத்தை வரைபவர் வேலையைத் தொடங்கும் முன்பே டைரக்டர் தலை எண்ணிக்கை கொடுத்துவிடுவார். மார்ச்சில் விலகினால் யாருக்கும் கஷ்டமில்லை. செப்டம்பரில் விலகினால் மேலே சொன்ன பல் விழும்.

படிப்பு கெடும் என்ற பயத்துக்கு ஒரு தகவல். 1984-இல் வந்த டெக்சாஸ் சட்டம் ஒன்றை இங்கே ‘நோ பாஸ், நோ பிளே’ என்பார்கள். மதிப்பெண் காலத்தின் முடிவில் ஏதாவதொரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் மாணவர் போட்டியில் இறங்க முடியாது. மூன்று வாரம் கழித்து மறுபடி எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் திரும்பலாம். கடினமான ஏ.பி., ஹானர்ஸ் பாடங்களுக்கு விலக்குத் தரலாம். தடை உள்ள நாட்களிலும் ஒத்திகைக்கு மட்டும் வரலாம். ஆகவே கணக்கில் 66 வாங்கிய டிரம்பெட் பையனுக்கு அக்டோபரில் பாடம் சொல்லித்தர அவன் செக்‌ஷனே வரிசையில் நிற்கும். பாசம் பாதி, அவன் இடத்தில் ஓட்டை விழக் கூடாது என்ற பயம் பாதி. எதுவானால் என்ன, பையன் தேறிவிடுவான்.

இந்த ‘செக்‌ஷன்’தான் உண்மையில் ஊர் மாதிரி. ஒரே வாத்தியம் வாசிக்கும் பத்துப் பதினைந்து பேர். மூவாயிரம் மாணவர் படிக்கும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக் குழந்தை முதல் நாள் மதியம் சாப்பாட்டுத் தட்டோடு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பதைப் பற்றி இங்கே வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இருபது வருடம் கழித்தும் சொல்வார்கள். பேண்டு பிள்ளைக்கு அந்த நாள் வருவதே இல்லை. பள்ளி திறக்கும் முன்பே அவளுக்கு நாற்பது பேரைத் தெரியும். அதில் பாதிப் பேருக்குக் காரோட்டும் உரிமம் இருக்கும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் தனியான சில நெளிவு சுளிவுகள். மிருதங்கம் கற்ற பையனுக்குத் தாளம் உடம்பிலேயே இருக்கும், டிரம் வரிசைக்கு அருமையான ஆள். ஆனால் தனி ஆவர்த்தனத்தில் கைதட்டு வாங்கிப் பழகியவன் இங்கே முதல் மாதம் திணறுவான். ஒவ்வொருவர் குச்சியும் ஒரே உயரத்துக்கு எழுந்து ஒரே உயரத்துக்கு இறங்க வேண்டும். ஒரு சங்கதி கூடுதலாகப் போட்டால் அது தவறு. அவனைத் தனியாக யாராவது கவனித்தார்கள் என்றாலே ஏதோ பிசகியிருக்கிறது. பரதம் ஆடும் பெண்கள் கலர் கார்டில் சீக்கிரம் மேலே வருவார்கள். கர்நாடக வயலின் பிள்ளைகளுக்குத்தான் வழியில்லை. வயலின் இங்கே ஆர்கெஸ்ட்ரா வகுப்பு, அது வேறு. டெக்சாஸில் ஆறாம் வகுப்பிலேயே வாத்தியம் தேர்ந்தெடுத்துவிடுவதால் ஒன்பதில் வந்து ஆசைப்பட்டுப் பயனில்லை. கலர் கார்டு ஒன்றுதான் புதியவர்களுக்கும் திறந்திருக்கும் வாசல்.

இருநூறு பேர் ஒரே தாளத்தில் வாசிப்பது காதுக்குச் சாதாரணமாகக் கேட்கும். அதற்குள் ஒரு பௌதிகச் சிக்கல் இருக்கிறது, எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. மைதானத்தின் பின்பக்க ஹேஷில் நிற்கும் டிரம் ஒலி முன் ஓரத்துக்கு வரச் சுமார் பத்தில் ஒரு விநாடி ஆகும். நிமிடத்துக்கு 160 அடி வேகத்தில் ஒரு தாள அடியே 0.375 விநாடிதான். பின்னால் நிற்பவர் முன்னாலிருக்கும் மரிம்பாவைக் காதால் கேட்டு அதோடு சேர்ந்து வாசித்தால், கேட்க ஒரு பத்தில் ஒரு பங்கு, வாசித்தது திரும்பி முன்னால் வர இன்னொன்று. கூட்டத்துக்கு அரைத் தாள அடி தாமதமாகக் கேட்கும். இரண்டு பாட்டு ஒன்றோடொன்று இழுபடுவது போலிருக்கும். அதனால் விதி இதுதான்: பின்னால் இருப்பவர்கள் காதை நம்பக் கூடாது, டிரம் மேஜரின் கையை மட்டும் பார்க்க வேண்டும். முன்னால் இருப்பவர்கள் கையைப் பார்க்காமல் பின்னாலிருந்து வரும் டிரம்மைக் கேட்டு அதன்மேல் வாசிக்க வேண்டும். டிரம் மேஜரோ நடுவில் உள்ள டிரம்காரரின் பாதத்தைப் பார்த்துக் கையசைப்பார். பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தன் காது சொல்வதை ஒதுக்கிவிட்டு இன்னொருவர் கையை நம்பக் கற்றுக்கொடுப்பது எத்தனை கஷ்டம் என்று வீட்டில் பதின்வயதுப் பிள்ளை உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

வெயில் பற்றி. ஆகஸ்டு டாலஸில் 38, 40 டிகிரி வரும், தார்த்தரையில் இன்னும் அதிகம். இப்போது வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கும் கருவி வைத்து, அளவு தாண்டினால் உள்ளே கூட்டிப் போய்விடுகிறார்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் ஜாடி இல்லாத பிள்ளையைக் களத்தில் இறக்கமாட்டார்கள். மயங்கி விழுபவர்களில் பெரும்பாலோர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்கள், அல்லது அசையாமல் நிற்கும்போது முழங்காலை இறுக்கிப் பூட்டிக்கொண்டவர்கள். முழங்கால் இலேசாகத் தளர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். இட்லி நல்ல காலை உணவு. உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதுதான், வீட்டுக்கு வந்தபிறகு. ஜாடியில் ஊற்றி அனுப்பாதீர்கள், பத்து மணிக்கெல்லாம் புளித்துப் பொங்கிவிடும். சன்ஸ்கிரீன் தடவினாலும் கறுக்கத்தான் செய்வார்கள். நவம்பரில் தெளிந்துவிடும், பாட்டிகள் கவலைப்பட வேண்டாம்.

வாத்தியம் வாங்குவதில் ஏமாறுபவர்கள் உண்டு. சூசபோன், மெல்லோஃபோன், பாரிடோன், டிரம் போன்ற பெரியவற்றைப் பள்ளியே கொடுக்கும். பித்தளை சூசபோன் 12 கிலோவைத் தாண்டும், அதை வீட்டில் வைக்கவும் இடமிருக்காது. புல்லாங்குழல், கிளாரினெட், டிரம்பெட்தான் நம் செலவு. இணையத்தில் நீலமும் சிவப்புமாக மலிவாக வருபவற்றை வாங்காதீர்கள். விரலால் அழுத்தும் சாவி வளைந்தால் நிமிர்த்த நினைக்கும்போதே ஒடியும் உலோகம், உதிரிப் பாகமும் கிடைக்காது. பழுது பார்ப்பவர்கள் கையிலேயே வாங்கமாட்டார்கள். விலையுயர்ந்த மர கிளாரினெட்டை வெயிலுக்குக் கொண்டுபோனால் விரிசல் விடும், களத்துக்குப் பிளாஸ்டிக்தான். மவுத்பீஸ் குழாயில் இறுகிக்கொண்டால் கட்டிங் பிளேயர் எடுக்காதீர்கள். பேண்டு அறையில் அதற்கென்றே ஒரு சிறிய இழுப்பான் இருக்கிறது, அரை நிமிட வேலை.

பெற்றோருக்கும் வேலை உண்டு, இதில்தான் நம்மவர்கள் பின்தங்குகிறோம். பிள்ளையை இறக்கிவிட்டுப் போய், முடிந்ததும் வந்து ஏற்றிக்கொண்டு போகிறோம். பள்ளி கொடுக்கும் பணத்தில் பேண்டு நடக்காது. லாரி, தண்ணீர், சாப்பாடு, சீருடை எல்லாம் பூஸ்டர் கிளப் என்ற பெற்றோர் சங்கத்தின் தோளில். லாரியில் மரிம்பா ஏற்றிக் கட்ட ஆள் வேண்டும். மேடைப் பொருளைச் சக்கரத்தில் தள்ளி 30 விநாடியில் இடத்தில் நிறுத்த வேண்டும். உயரமான தட்டி காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும், அடியில் எடை வைக்காமல் விட்டால் பிள்ளைகள்மேல் சாயும். தொப்பியில் சொருகும் இறகைக் களத்தில் நுழையும் கடைசி நிமிடத்தில்தான், கையுறை போட்டுச் சொருக வேண்டும், வெளியே வந்ததும் உடனே உருவிப் பெட்டியில் வைக்க வேண்டும். வியர்வைக் கை பட்டால் இறகு ஒட்டிப்போய்க் கோழி நனைந்த மாதிரி ஆகிவிடும். சீருடைக் காலை உயரத்துக்குத் தகுந்து மடித்துத் தைப்பது ஆகஸ்டின் பெரிய வேலை. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிகள் இதில் உட்கார்ந்தால் இரண்டு நாள் வேலை ஒரு மத்தியானத்தில் முடிகிறது. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் ஊசி தெரிந்தால் போதும்.

பண விஷயத்தில் ஒன்று. ‘நான் இத்தனை டாலர் நிதி திரட்டினேன், அதை என் பிள்ளை கட்டணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்காதீர்கள். வரிவிலக்குப் பெற்ற சங்கம் திரட்டிய பணத்தைத் திரட்டியவர் பிள்ளைக்கே கணக்கு வைத்தால், வருமான வரித்துறை அதைத் தனியார் ஆதாயம் என்று பார்க்கும், சங்கத்தின் வரிவிலக்கே போகலாம். கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துக்குச் சலுகை பெரும்பாலும் உண்டு, கூச்சப்படாமல் டைரக்டரிடம் தனியாகக் கேட்கலாம்.

எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. வெள்ளி இரவு ஆட்டம் முடிந்து நள்ளிரவுக்கு வீடு வரும் பிள்ளையைச் சனி காலை ஐந்து மணிக்குப் போட்டிக்கு வரச் சொல்லும் பள்ளிகள் உண்டு. பிள்ளை பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும். மண்டல அளவில் முதல் தரம் என்று சான்று பெறுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், சான் அன்டோனியோவின் அலமோடோமில் நடக்கும் மாநிலப் போட்டிக்கும், இண்டியானாபொலிஸில் நவம்பரில் நடக்கும் தேசியப் போட்டிக்கும் குறிவைத்து வெளி வடிவமைப்பாளர்களுக்குக் கொட்டும் பணத்தைப் பார்த்தால் எங்களுக்கே முகம் சுளிக்கிறது. வெள்ளிக்கிழமை ஊர் மைதானத்தில் வாசிப்பதுதான் எங்களுக்குப் பிடித்தது. மூன்றாவது கால் பகுதி ஆட்டத்தில் பேண்டுக்கு ஓய்வு. பிள்ளைகள் பீட்சா தின்றுகொண்டு சத்தம் போடும்போதுதான் பிள்ளைகளாகவே தெரிவார்கள். டிரம் வரிசைப் பிள்ளைகள் காதடைப்பான் போடாமல் ஒத்திகை செய்தால் செவி போகும், அதில் கண்டிப்பில்லாத பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. ராகிங்கும் இல்லாமலில்லை. 2011-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் ஒன்றின் பேண்டில் சக மாணவர்கள் பஸ்ஸுக்குள் அடித்ததில் டிரம் மேஜர் மாணவர் உயிரிழந்தார். அது கல்லூரி, ஆனாலும் மூத்தவர்கள் சொன்னதைச் செய்யும் எந்தக் கூட்டத்திலும் அந்த விதை உண்டு. பிள்ளை ‘செக்‌ஷன் ரகசியம்’ என்று எதையாவது மறைத்தால் உடனே டைரக்டரைப் பாருங்கள்.

கடைசியாக, தாத்தா பாட்டிகளுக்கு நாட்காட்டி. பள்ளி மே கடைசி வாக்கில் மூடுகிறது. ஜூன் முழுக்கவும் ஜூலையில் முக்கால் பங்கும் உங்களுடையது. டிசம்பரில் இரண்டு வாரம் விடுமுறை. நவராத்திரியும் தீபாவளியும் பெரும்பாலும் போட்டிப் பருவத்தில் மாட்டிக்கொள்ளும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. ஜூலை கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதிவரை மட்டும் விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாக வேறொன்று கேளுங்கள். செப்டம்பர், அக்டோபரில் வெள்ளிக்கிழமை ஆட்டங்களின் இடைவேளை டாலஸில் இரவு எட்டரையை ஒட்டி வரும். உங்களுக்குச் சனிக்கிழமை காலை ஏழு மணி. நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு எட்டு மணி. பள்ளிகள் பல இணையத்தில் ஆட்டத்தை நேரலையாகக் காட்டுகின்றன. சில ஒளிபரப்பில் இடைவேளையில் விளம்பரம் போட்டுவிடுவார்கள். அதனால் மகனை போனில் நேராகக் காட்டச் சொல்லுங்கள், மேல்படியில் நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்ந்து. ஒரே மாதிரி தொப்பியில் இருநூறு பேர் வருவார்கள், முகம் தெரியாது. முந்தின நாளே பேத்தியிடம் அவள் டாட்டைக் கேட்டு ஒரு தாளில் குறித்துவையுங்கள். 35-க்கு வெளியே மூன்று, முன் ஹேஷுக்குப் பின்னால் ஆறு. அங்கே பாருங்கள்.

இப்படிக்கு,
பள்ளி பேண்டு தொண்டர்கள் சிலர்,
டாலஸ் வட்டாரம், டெக்சாஸ்.